ஏற்காட்டு எஸ்டேட் ரைஃபிளுக்கு எந்த ஊர்? – கேள்வி பதில்

ராணுவ ஒர்க்ஷாப்பில் 22 வருடம் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுது பார்ப்பவனாக, இருந்துவிட்டு இப்போது அஸ்தம்பட்டியில் சும்மா இருக்கிறேன். பழைய .303 லீ என்ஃபீல்ட் ரைஃபிள் பற்றி யாராவது பேச்செடுத்தால் சோறு ஆறிப்போவது கூடத் தெரியாது என்று வீட்டில் புகார். கேள்விகளை அனுப்புங்கள் என்றதும் சேலம் சுற்றுவட்டாரத்திலிருந்து நிறைய வந்துவிட்டன. முதல் கேள்விக்கு மட்டும் பதில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (நாகலூர், ஏற்காடு): ஐயா, தாத்தா ஒரு வெள்ளைக்காரரிடம் காப்பி எஸ்டேட் வாங்கியபோது பங்களாவோடு ஒரு ரைஃபிளும் வந்தது. லைசென்ஸ் தாத்தாவிடமிருந்து அப்பா பெயருக்கு மாறியது. அப்பா இரண்டு மாதம் முன்பு தவறிவிட்டார். ரைஃபிளைச் சேலத்தில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டேன். முதல் உலகப் போரில் மெசப்பொட்டேமியாவில் சுட்டது என்று வீட்டில் சொல்வார்கள். போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) கைப்பிடிக்குக் கீழே வலது பக்கம் கிரீடம், ஜி.ஆர்., பி.எஸ்.ஏ. கோ, 1917, அப்புறம் ரோமன் மூன்றும் ஒரு நட்சத்திரமும். பேரலில் 34 என்ற எண். பின்னால் திருகி ஏற்றி இறக்கும் ஓட்டைக் கண் சைட் (குறி பார்க்கும் கருவி), அதில் ஏ.ஜி. பார்க்கர் என்ற பெயர். கட்டையில் ஒரு பித்தளை வில்லை, எஸ்.ஐ.ஆர். என்று. இது எந்த ஊர்த் துப்பாக்கி?

பதில்: தம்பி, கடையில் ஒப்படைத்தீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்தது. மீதிக்கு வருவோம்.

நம் ஊர்ப் பழைய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்கால் கொள்ளுத்தாத்தா போட்டது, ஓடு தாத்தா மாற்றியது, திண்ணையை இடித்து கிரில் வைத்தது அப்பா. வீட்டுக்கு என்ன வயது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? இதுவும் அப்படித்தான். ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக வயது கேட்க வேண்டும்.

ரிசீவர், அதாவது போல்ட்டும் பேரலும் பொருந்தும் உடம்பு, இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தது. பி.எஸ்.ஏ. என்பது 1861-ல் தொடங்கிய பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். பின்னாளில் நம் ஊரில் மோட்டார் சைக்கிளால் பெயர் வாங்கியதும் அதே கம்பெனிதான். ஜி.ஆர். என்பது ஐந்தாம் ஜார்ஜ். நட்சத்திரம் போர்க்கால சிக்கனத்தின் அடையாளம்: 1916 வாக்கில் மேகசினை (தோட்டாப் பெட்டியை) மறைக்கும் கட் ஆஃப் தகடு, வெகுதூரத்துக்குக் கும்பலாகச் சுடுவதற்கான பக்கவாட்டு சைட் என்று சிலவற்றை விட்டுவிட்டு வேகமாகச் செய்து தள்ளினார்கள். ஆக 1917 என்ற ஆண்டும் நட்சத்திரமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. யாரும் கைவைத்த முத்திரை மாதிரித் தெரியவில்லை.

பேரலில் உள்ள 34-ஐ 1934 என்று எடுத்துக்கொள்ளலாம். கார்டைட் மருந்தின் சூட்டில் பேரலின் உட்புறம் அரித்துப் போகும், அதனால் ராணுவத்திலேயே பேரல் மாற்றுவது சாதாரண வேலை. கடைக்காரரிடம் சொல்லி மேல் கைக்கட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். பேரல் ரிசீவருக்குள் ஏறும் இடத்தில் தடித்த பகுதி இருக்கும். அங்கே இஷாப்பூர் முத்திரை இருந்தால், கல்கத்தா பக்கத்து அரசாங்கத் தொழிற்சாலை போட்ட பேரல். மேகசினுக்குச் சற்று முன்னால் கட்டையைக் குறுக்காகத் துளைத்து ஒரு திருகு போயிருந்தால் அதுவும் இந்தியக் கைவேலைதான். கட்டை பிளக்காமல் இருக்க இங்கே சேர்த்த பலம் அது.

இனி சைட். எனக்குப் பிடித்த சாட்சி இதுதான். ஏ.ஜி. பார்க்கர் கம்பெனி 1936-ல் பார்க்கர் ஹேல் என்று பெயர் மாறியது. பழைய பெயரே இருப்பதால் சைட் அதற்கு முந்தியது. 1934 பேரலையும் இதையும் சேர்த்துப் பாருங்கள்: முப்பதுகளின் நடுவில் யாரோ இந்த ரைஃபிளைப் போட்டிக்கென்றே தயார் செய்திருக்கிறார். இந்த ரக ரைஃபிளில் பட்டாளத்துச் சிப்பாய்க்கு ஓட்டைக் கண் சைட் கொடுக்க மாட்டார்கள். அது சொந்தக் காசில் வாங்கும் ஆசாமியின் சாமான்.

யார் அவர்? 1920-ல் ஆக்ஸிலரி ஃபோர்ஸ் சட்டம் வந்தது. ஐரோப்பியர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் பகுதி நேரமாகச் சேர்ந்த படை. தோட்ட முதலாளிகள், ரயில்வேக்காரர்கள் அதில் நிறைய. எஸ்.ஐ.ஆர். என்றால் சவுத் இந்தியன் ரயில்வே என்று படிக்கத் தோன்றுகிறது. சேலம் வழியாகப் போன தடம் 1908 முதல் அந்த ரயில்வேயிடம்தான் இருந்தது. ரயில்வே பட்டாலியன் ரைஃபிள், குறி பார்த்துச் சுடுவதில் பைத்தியமாக இருந்த ஒருவர் கையில் சேர்ந்து, பிறகு மலையேறியது என்பது என் ஊகம். ஊகம்தான், பத்திரத்தில் எழுதிவிடாதீர்கள்.

மெசப்பொட்டேமியா? ரிசீவர் போயிருக்கலாம். 1934 பேரல் போயிருக்க வழியே இல்லை. வீட்டில் பாதிக் கதையை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒன்று விட்டுவிட்டேன். .303 தடை செய்யப்பட்ட ரகம், உள்துறை அமைச்சகம் சம்பந்தப்பட்ட விஷயம். வாரிசு லைசென்ஸ் கையில் வரும் வரை அது கடையிலேயே இருக்கட்டும். போட்டோ போதும் நமக்கு.

கேள்வி (அம்மாபேட்டை): போல்ட்டில் ஒரு நம்பர், ரிசீவரில் வேறு நம்பர். அப்படியென்றால் போலியா சார்?

பதில்: போலி இல்லை, கலப்பு. போல்ட், ரிசீவர், பேரல், அதன் முனையில் மாட்டும் மூக்குத்தொப்பி என்று எல்லாவற்றிலும் ஒரே எண் அடித்துத்தான் அனுப்புவார்கள். ஒர்க்ஷாப்பில் 50 ரைஃபிளை ஒரே நாளில் பிரித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்! ஆனால் போல்ட் மட்டும் மாறியிருந்தால் ஆர்மரர் பார்க்காமல் சுடவே கூடாது. தோட்டாவின் பின்புறத்துக்கும் போல்ட் முகத்துக்கும் உள்ள இடைவெளி கூடினால் வெடிக்கும்போது தோட்டாவின் கூடு கிழியும், சூடான காற்று முகத்துக்கு வரும்.

கேள்வி (மேட்டூர்): எங்கள் .315 ரைஃபிள் பார்க்க அச்சு அசல் .303 மாதிரியே இருக்கிறது. துளையைப் பெரிதாக்கி மாற்றியதா?

பதில்: இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே பட்டாளத்துத் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது என்று .303-ஐத் தடுத்தார்கள். அதனால் அதே லீ என்ஃபீல்ட் பொறியில், 8 மில்லிமீட்டர் ஆஸ்திரிய மான்லிக்கர் தோட்டாவை ஒட்டிய .315-க்கு ரைஃபிள் செய்து விற்றார்கள். முதலில் பி.எஸ்.ஏ., அப்புறம் இஷாப்பூர். தோட்டாவின் அடியில் கே.எஃப். என்றிருந்தால் புனேவை ஒட்டிய கிர்க்கி தொழிற்சாலை. முகஜாடை ஒன்றாக இருக்கும் பெரியப்பா மகன், அவ்வளவுதான்.

கேள்வி (ஓமலூர், கல்லூரி மாணவி): என்.சி.சி.யில் எங்களுக்குக் கவாத்துக்குக் கொடுத்த ரைஃபிளில் கிரீடம் இல்லை, சிங்க முத்திரை இருந்தது. டி.பி. என்றும் இருந்தது. எவ்வளவு பழையது அண்ணா?

பதில்: அண்ணா என்றதற்கு நன்றி, எனக்குப் பேத்தி இருக்கிறாள். அசோகச் சிங்கம் என்றால் சுதந்திரத்துக்குப் பிறகு இஷாப்பூரில் செய்தது. அதற்கு முன் கிரீடம்தான். டி.பி. என்பது டிரில் பர்ப்பஸ், சுடுவதற்கு லாயக்கில்லை என்று ஒதுக்கியது. மேகசின் அடியில் சதுரமாக, 12 தோட்டா பிடிக்கிற மாதிரி இருந்தால் அது .303-யே அல்ல, அறுபதுகளில் வந்த 7.62 இஷாப்பூர் ரைஃபிள். அதையும் இரண்டாம் உலகப் போர் ரைஃபிள் என்று சொல்லி விற்கப் பார்ப்பவர்கள் உண்டு.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): பழைய இரும்பில் ஒரு போல்ட் மட்டும் வந்தது. பேப்பர் வெயிட்டாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். 1959 ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்றால் அதன் பாகமும் சேர்த்தி. மாநகர எல்லை, கமிஷனர் அலுவலகத்துக்கு உட்பட்ட உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து ஒப்படையுங்கள். நாளைக்கே.

கேள்வி (சூரமங்கலம்): முத்திரை மங்கலாக இருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்தால் பளிச்சென்று தெரியுமா?

பதில்: ஐயையோ. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு அதிகாரியின் சொந்த ரைஃபிளைக் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்தேன். துருவோடு ஆய்வாளர் முத்திரையும் போய்விட்டது. அவர் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. மெல்லிய எண்ணெய், பழைய பருத்தித் துணி, பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம், இது போதும். சாய்ந்த வெளிச்சத்தில் அழிந்த எழுத்தும் எழுந்து நிற்கும்.

கேள்வி (மீண்டும் நாகலூர்): கடையில் கைக்கட்டையைக் கழற்றிப் பார்த்தோம், இஷாப்பூர் என்று இருக்கிறது! கட்டையின் பின்தகட்டு மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு மடித்த காகிதம். பென்சிலில் 200 – 6, 500 – 17, 600 – 22 என்று மட்டும். கூலிக் கணக்கா?

பதில்: அந்தப் பொந்து எண்ணெய்ப் புட்டியும் துடைக்கும் கயிறும் வைக்க. இவர் காகிதம் வைத்திருக்கிறார். கூலிக் கணக்கு இல்லை தம்பி, முதல் எண் கஜம், இரண்டாவது சைட்டை எத்தனை மினிட் (கோண அளவு, நேரம் அல்ல) ஏற்ற வேண்டும் என்பது. 500-லிருந்து 600 கஜத்துக்கு 5 மினிட் ஏற்றம், .303 மார்க் 7 தோட்டாவுக்குப் பொருந்துகிற கணக்கு. 200, 500, 600 மூன்றும் அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பிஸ்லி மைதானப் போட்டிகளில் வழக்கமாகச் சுட்ட தூரங்கள். காற்றுக்கு ஒரு வரியும் எழுதவில்லை பாருங்கள், அதைக் கண்ணாலேயே கணித்திருப்பார். காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், ரசீதோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள். பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தீர்களா?