தள்ளுபடிக் கடையில் நல்ல மடக்குக் கத்தி: கேள்வி பதில்

கேள்வி: சார், சிறிய அளவில் மடக்குக் கத்தி செய்கிறோம். தள்ளுபடி விலைக் கடைச் சங்கிலி ஒன்று பெரிய ஆர்டர் தருவதாகச் சொல்கிறது. கொடுத்தால் பெயர் கெடுமா?

பதில்: கடையால் பெயர் கெடாது. அந்த ஆர்டருக்காகக் கத்தியில் எதைக் குறைக்கிறீர்களோ, அதில்தான் கெடும்.

சில்லறை விலை 100 என்று வைத்துக்கொள்வோம். தனிக்கடைக்கு 50-க்குக் கொடுப்பதை இவர்கள் 35-க்குக் கேட்பார்கள். அந்த 15-ஐப் பெட்டியில் எடுங்கள், உறையில் எடுங்கள், மரப் பிடியை நைலான் ஆக்கி எடுங்கள். வாங்குபவர் இதையெல்லாம் கண்ணால் பார்த்துத்தான் காசு கொடுக்கிறார். ஸ்டீலைச் சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கும் ஹீட் ட்ரீட்மென்டில் மட்டும் கை வைக்காதீர்கள்.

420எச்சி என்பது சாதாரண ஸ்டீல்தான், கடினம் தரும் கார்பன் அரை சதவீதம்கூட வராது. அதையே அமெரிக்கக் கத்தி நிறுவனமான பக், ராக்வெல் என்ற கடின அளவில் 58-க்குக் கொண்டுவந்து நல்ல பெயர் வாங்கியிருக்கிறது. அதே ஸ்டீல் 53-இல் நின்றுவிட்டால் அட்டை அறுக்கும்போதே கூர் மடங்கிவிடும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. வீட்டுக்குப் போய் நாலு பெட்டி பிரித்த பிறகுதான் தெரியும். அப்போது அவர் திட்டுவது அலகில் பொறித்திருக்கும் பெயரை. உலையிலிருந்து வரும் ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று அலகையாவது எடுத்து, பிடிக்குள் மறையும் பகுதியில் கடினம் சோதியுங்கள். ஒன்று தவறினாலும் தொகுதி முழுவதையும் நிறுத்திவையுங்கள்.

கேள்வி: அதே மாடல் எண்ணில் கொஞ்சம் மலிவான ஸ்டீல் போட்டுக் கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. வேறு எண், வேறு பெயர், தூரத்திலிருந்தே தெரியும்படி வேறு நிறப் பிடி.

கேள்வி: வாங்குபவன் நான். கடையிலேயே எப்படிப் பரிசோதிப்பது?

பதில்: அலகை முழுக்கத் திறந்து, முதுகுப் பக்கம் பிடித்து இடம் வலமாக அசையுங்கள். பிறகு மேலும் கீழும். பக்கவாட்டு ஆட்டம் மயிரிழை இருந்தால் சில மாடல்களில் திருகை இறுக்கிச் சரிசெய்யலாம். பூட்டுக் கத்தியில் மேல் கீழ் ஆட்டம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பூட்டு சரியாக உட்காரவில்லை.

பூட்டு இல்லாமல், முதுகில் உள்ள வில்லே அலகை அழுத்திப் பிடிக்கும் வில் கத்தியானால், திறந்த நிலை, பாதி, மூடிய நிலை மூன்றிலும் முதுகு வில்லின்மேல் விரலை ஓட்டுங்கள். நல்ல வேலைப்பாட்டில் மூன்றிலும் மட்டமாக இருக்கும். அப்படியே விளக்குக்கு நேரே பிடியுங்கள். வில்லுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தால், ராவி மெருகேற்றியதில் அவசரம்.

கடைசியாக அலகின் கூர் விளிம்பை நேராகக் கண்ணுக்கு எதிரே வையுங்கள். நல்ல கூர் மினுங்காது. மினுங்கும் புள்ளி இருந்தால் அங்கே மழுங்கல் அல்லது பிசிறு. சாணை பிடித்தால் போய்விடும், அதற்காக வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைத்ததை வாங்காதீர்கள். நூறு கை பட்டிருக்கும். கார்பன் ஸ்டீலானால் நகம் வைக்கும் பள்ளத்தில் வியர்வை தங்கித் துருப்புள்ளி விழுந்திருக்கும்.

கேள்வி: எந்த பிராண்ட் நல்லது?

பதில்: பெயரைக் கேட்காதீர்கள். ஸ்டீலின் பெயரையும் ராக்வெல் எண்ணையும் கேளுங்கள்.

கேள்வி: பெயரைப் பார்க்காமல் எப்படி சார்? ஷ்ரேட் மாதிரி பழைய அமெரிக்கக் கத்திப் பெயரையே தள்ளுபடிக் கடைகள்தானே அழித்தன?

பதில்: ஒரு தொழிற்சாலை ஒரே காரணத்தால் மூடுவதில்லை. நியூயார்க் மாநிலத்தின் எலன்வில்லில் இருந்த இம்பீரியல் ஷ்ரேட் 2004-இல் மூடியது. பெயரை வேறு நிறுவனம் வாங்கி, சீனாவில் செய்த கத்திகளில் பொறித்தது. 2007-இல் மூடிய கமிலஸ் என்ற இன்னொரு கத்தி நிறுவனத்தின் பெயரும் கைமாறியது. தாத்தா வைத்திருந்த ஷ்ரேடை நம்பிப் புது ஷ்ரேட் வாங்குபவருக்குக் கிடைப்பது அந்தப் பட்டறையின் வேலை அல்ல. அதனால்தான் பெயரை விட்டுவிட்டு ஸ்டீலைக் கேட்கச் சொல்கிறேன்.

கேள்வி: கடையால் பெயர் கெடாது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். சங்கிலிக் கடை 70-க்கு விற்றால், 100-க்கு விற்கும் கத்திக் கடைக்காரர் என்ன செய்வார்? அவர்தானே சாணை பிடிக்கக் கற்றுக்கொடுத்து அந்தப் பெயரை வளர்த்தவர்?

பதில்: இது நியாயமான கேள்வி. அவர் கைவிட்டால், கத்தியைப் பற்றிப் பேச ஆளே இல்லாமல் போகும். ஆனால் சரக்கைப் பிரித்துக் கொடுத்தால் இரண்டு பேரும் பிழைக்கலாம். 1964-இல் வந்த பக் 110 மடக்குக் கத்தியைப் பாருங்கள். 420எச்சி அலகுடன் அது பரவலாகக் கிடைக்கிறது. எஸ்30வி என்ற உயர்ந்த ஸ்டீலில் அலகு வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். சங்கிலிக்கு இரண்டு மூன்று மாடலோடு நிறுத்துங்கள், உயர்ந்த ஸ்டீலைக் கத்திக் கடைக்கென்றே ஒதுக்குங்கள்.

கேள்வி: இவர்கள் விவாதத்தில் நானும் ஒன்று கேட்கிறேன். குறைந்த விலைக்கு விற்கக் கூடாது என்று தயாரிப்பாளர் சொல்ல முடியாதா?

பதில்: அமெரிக்காவில் அப்படி ஒப்பந்தம் போடுவதற்கு 1911-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2007-இல் லீஜின் என்ற நிறுவனத்தின் வழக்கில் அதே நீதிமன்றம் அதை நீக்கி, போட்டி கெடுகிறதா என்று வழக்குக்கு வழக்கு பார்க்கச் சொன்னது. சில மாநிலச் சட்டங்கள் இன்னும் கடுமை. ஒப்பந்தம் எழுதும் முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

கேள்வி: 440 ஸ்டீல் என்று போட்டிருக்கிறது. நல்லதா?

பதில்: ஏ, பி, சி என்று எழுத்து வேண்டும். 440ஏ-வில் கார்பன் 0.75 சதவீதத்தைத் தாண்டாது, 440சி-யில் 1 சதவீதத்தை ஒட்டி. எழுத்து போடாவிட்டால் ஏ என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’?

பதில்: அது ஸ்டீலின் பெயரே அல்ல. மேலே சொன்னதுதான்: ஸ்டீல், ராக்வெல்.

கேள்வி: எந்த பிராண்ட் வாங்கலாம் சார்?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: சமையல் கத்திக்கு எந்தக் கோணம்?

பதில்: சமையல் கத்தி தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஆர்டர் எடுத்தாயிற்று. ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: திரும்பி வரும் கத்தியை. வாங்கியவர் இரண்டு நாள் வயர் சீவிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். கடை அதை மறுபடி கொக்கியில் மாட்டும். அடுத்தவர் கைக்கு உங்கள் பெயரோடு மொக்கைக் கத்தி போகும். உறை பிரிந்த எதையும் மறுபடி விற்கக் கூடாது, உங்களுக்கே திரும்ப வரவேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வந்ததைச் சாணை பிடித்து, பூட்டைச் சோதித்து, ‘இரண்டாம் தரம்’ என்று பொறித்து நீங்களே விற்கலாம். ஆயுள் உத்தரவாதம் கொடுப்பதாக இருந்தால், போகவர அஞ்சல் செலவையும் அந்த 35-க்குள் இப்போதே கணக்கிட்டுப் பாருங்கள். அடங்கவில்லை என்றால் ஆர்டரைப் பாதியாகக் குறையுங்கள்.