799 டாலர் அலாஸ்கா கப்பலுக்காகச் சேமிப்பில் கை வைக்கலாமா?

கேள்வி: மதுரையில் வசிக்கிறோம். எனக்கு வயது 68, மனைவிக்கு 64. ஓய்வூதியம் மாதம் 42,000 ரூபாய். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒரே கணக்காக 30 லட்சம் போட்டு இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன, வட்டி 8.2 சதவீதம். வங்கி டெபாசிட் 9 லட்சம். ஜூனில் சியாட்டிலில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து 7 இரவு அலாஸ்கா கப்பல் பயணம், ஒருவருக்கு 799 டாலர். மகன் பணம் தருகிறேன் என்கிறான், எனக்கு மனம் ஒப்பவில்லை. சேமிப்புத் திட்டத்திலிருந்து எடுக்கலாமா?

பதில்: அதைத் தொடாதீர்கள் ஐயா. காலாண்டுக்கு 61,500 ரூபாய் வட்டி தரும் கணக்கு அது. பகுதியாக எடுக்க முடியாது. மொத்தமாக முடித்தால்தான் உண்டு. இரண்டாண்டு கடந்த கணக்கு என்பதால் 1 சதவீதம் பிடிப்பார்கள். 30,000 ரூபாய் வீண் தண்டம்.

799 என்பது கப்பலில் ஏற்றுவதற்கான விலை, அவ்வளவுதான். இருவருக்கு 1,598 டாலர். வரிக்கும் துறைமுகக் கட்டணத்துக்கும் 500 என்று வையுங்கள். ஊழியர் டிப்ஸ் ஆளுக்கு நாளொன்றுக்கு 17 டாலர் வீதம் 238. இது நீங்கள் விரும்பிக் கொடுப்பதல்ல, கப்பல் கணக்கில் தானாக ஏறும். கரையில் சுற்ற 400. இதற்கே 2,700 டாலரைத் தாண்டிவிட்டது. காபி, வைஃபை, புகைப்படம் என்று கடைசி இரவில் வரும் கணக்குச் சீட்டு தனி.

இன்னொரு செலவை விளம்பரம் சொல்லாது. சியாட்டிலில் கிளம்பும் கப்பல்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கொடி பறப்பவை. 1886ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி அவை நடுவே ஓர் அயல்நாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். அதனால்தான் கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலை நிற்கின்றன. அந்தச் சில மணி நேரத்துக்காக இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா தேவை. கட்டணம் ஆளுக்கு 100 கனடா டாலர்; கைரேகைப் பதிவுக்கு ஆளுக்கு 85, இருவருக்கு 170. விசா இல்லாவிட்டால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள், கட்டிய பணமும் திரும்பாது. எனவே முதலில் விசா, பிறகு டிக்கெட்.

ஆக விசாவும் சேர்த்துச் சுமார் 3,000 டாலர். டாலரை 90 ரூபாய் என்று வைத்தால் 2.7 லட்சம். இதை வங்கி டெபாசிட்டிலிருந்து எடுங்கள், மீதி 6.3 லட்சம் அவசரத்துக்கு இருக்கட்டும். பால்கனி அறை வேண்டாம் என்பது என் கட்சி. பனியாற்றின் முன் கப்பல் மெல்லத் திரும்பி இரு பக்கத்தாருக்கும் காட்டும். மேல்தளத்தில் நின்று காசில்லாமல் பார்க்கலாம். வழியில் நிற்கும் அலாஸ்கா ஊரான கெட்சிகனில் துறைமுகத்திலிருந்து நடந்தே ஊரைப் பாருங்கள், குடை மட்டும் மறக்காதீர்கள். மிச்சமாகும் பணத்தை இன்னோர் அலாஸ்கா ஊரான ஸ்காக்வேயில் மலையேறும் ரயிலுக்குக் கொடுங்கள்.

காப்பீட்டில் கஞ்சத்தனம் கூடாது. கப்பல் மருத்துவர் இலவசமல்ல. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதி, ஏற்கெனவே உள்ள நோய்க்கும் அவசரமாகக் கரைக்குக் கொண்டுபோவதற்கும் பொருந்தும் பாலிசியாக எடுங்கள்.

மகன் விஷயம்: பிள்ளை பெற்றோருக்குத் தரும் பணத்துக்கு இங்கே வருமான வரி கிடையாது. அவர் தன் கார்டில் டிக்கெட் எடுத்தால், நம் ஊர்க் கார்டுகள் பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணமும் மிச்சம். டிக்கெட் அவருடையது, கரைச்செலவும் விசாவும் காப்பீடும் உங்களுடையது என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள்.