பந்தலில் இருந்தவர்கள் எழுதட்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கூடங்குளம் அணு உலைக்கு எதிராக இடிந்தகரையில் நடந்த போராட்டத்தில் இருந்தவர்கள் நாங்கள். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆளுக்கொரு கட்டுரை எழுதி ஒரு தொகுப்பு நூல் போடலாம் என்று வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தோம். பேராசிரியர்கள், வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள் என்று ஒரு பட்டியலும் தயார். எல்லோரும் "கண்டிப்பா தர்றேன்" என்கிறார்கள், ஒரு பக்கம்கூட வரவில்லை. எப்படி நகர்த்துவது?
*(வாசகி, ராதாபுரம் வட்டம்)*

பதில்: கட்டுரை வராதது ஒரு வகையில் நல்லது. வந்திருந்தால் அணுசக்திக் கொள்கை, வளர்ச்சி அரசியல், ஊடகங்களின் பாரபட்சம் என்று கட்டுரைகள் சேர்ந்து புத்தகமும் வந்திருக்கும், அதில் இடிந்தகரையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். உங்கள் பட்டியலில் பந்தலில் உட்கார்ந்திருந்தவர் ஒருத்தர்கூட இல்லையே, கவனித்தீர்களா? அந்தப் பட்டியலை அப்படியே ஓரமாக வையுங்கள். கடைசியில் முன்னுரைக்கு ஒருவர் வேண்டியிருந்தால் அப்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு நாள்குறிப்பு தயார் செய்யுங்கள். கட்டுரை கேட்பதற்கு முன்னால் இது கையில் இருக்க வேண்டும். 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் போட்ட ஒப்பந்தம். 1989 மே 1 அன்று கன்னியாகுமரியில் மீனவர்கள் நடத்திய பேரணி, அதில் நடந்த துப்பாக்கிச் சூடு. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா. அந்த செப்டம்பர் 11 அன்று லூர்து மாதா கோவில் முன்னால் 127 பேர் தொடங்கிய உண்ணாவிரதம், 22ஆம் தேதி வேலையை நிறுத்திவைக்கச் சொல்லி மாநில அமைச்சரவை போட்ட தீர்மானம். 2012 மார்ச் 18 சங்கரன்கோவில் இடைத்தேர்தல், மறுநாளே அதே அமைச்சரவை உலைக்குக் காட்டிய பச்சைக்கொடி. செப்டம்பர் 9 அன்று கடற்கரை வழியாக உலையை நோக்கிப் போனது, ராத்திரி மணலிலேயே தங்கியது, 10ஆம் தேதி கண்ணீர்ப்புகை, தடியடி, அன்றே மணப்பாட்டில் போலீஸ் சுட்டு ஒரு மீனவர் இறந்தது, 13ஆம் தேதி கடலில் இறங்கிக் கைகோத்து நின்றது. 2013 மே 6 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஜூலையில் முதல் உலை இயங்க ஆரம்பித்தது.

இதைப் பெரிய தாளில் எழுதி ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டு போங்கள். "போராட்டத்தைப் பத்தி எழுதுங்க" என்றால் யாருக்கும் கை ஓடாது. "செப்டம்பர் 9 ராத்திரி மணல்ல எங்க படுத்தீங்க, யாரு சாப்பாடு கொண்டு வந்தா?" என்று கேட்டுப் பாருங்கள், நிறுத்த மாட்டார்கள். இந்தத் தாள் இல்லாவிட்டால் தடியடியையும் கடலில் நின்றதையும் ஒரே நாளாக்கிச் சொல்வார்கள், நீங்களும் அப்படியே அச்சில் ஏற்றிவிடுவீர்கள். 1989 பேரணிக்குப் போனவர்கள் உங்கள் பக்கத்தில் இன்னும் இருந்தால் நாளைக்கே போய்ப் பாருங்கள். இடிந்தகரை என்றாலே 2011இல் முளைத்தது என்று நினைக்கிறார்கள், அந்த இருபத்து மூன்று வருஷத்தைச் சொல்ல இனி ஆள் கிடைக்காது.

எதைக் கேட்பது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பந்தலில் பெண்கள் பீடி சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்த படம் பத்திரிகைகளில் நிறைய வந்தது. பார்த்தவர்கள் மனஉறுதி என்றார்கள், சரிதான். ஆனால் மடியில் தட்டு எப்படி வந்தது? வாங்கிய இலைக்கும் தூளுக்கும் கணக்காகப் பீடியைக் கட்டுப் போட்டு ஒப்படைத்தால்தான் கூலி. போராட்டம் நடக்கிறது என்று வீட்டில் அடுப்பு எரியாமல் இருக்காது. பகலெல்லாம் பந்தலில் இருந்தால் எத்தனை கட்டு குறைந்தது, அந்த வாரம் கூலி எவ்வளவு வந்தது, மளிகைக் கடையில் கடன் கொடுத்தது யார், கடலுக்குப் போகாத நாட்களில் வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்பதை ஒரு பெண் நான்கு பக்கத்தில் சொன்னால் போதும், அதை எந்தப் பேராசிரியராலும் எழுத முடியாது.

இன்னொரு கட்டுரை கட்டாயம் வேண்டும்: பணம் எங்கிருந்து வந்தது? 2012 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் ஓர் அறிவியல் இதழுக்குக் கொடுத்த பேட்டியில் வெளிநாட்டு, குறிப்பாக அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களைக் கைகாட்டினார். அதற்கு அப்போது மேடையில் பதில் சொன்னீர்கள், இப்போது கணக்கோடு சொல்லலாம். பந்தல் வாடகை, மைக்செட், அரிசி, வக்கீல் செலவு, யார் எவ்வளவு தந்தார்கள் என்பதெல்லாம் வசூல் நோட்டுப் புத்தகத்தில் இருக்குமே, அது யார் வீட்டுப் பரணில் கிடக்கிறது? கண்டுபிடியுங்கள். எழுதியவரே முன்னுரை மாதிரி இரண்டு பக்கம் எழுதட்டும், அந்த நோட்டின் சில பக்கங்களைப் படமாகவே அச்சிடுங்கள். தொகுப்பிலேயே அதிகம் புரட்டப்படும் பக்கங்கள் அவையாகத்தான் இருக்கும்.

கேள்வி: எங்கள் ஊரில் பலருக்கு எழுதிப் பழக்கமில்லை. பேசச் சொல்லிப் பதிவு செய்கிறோம். கேட்டு எழுதும்போது அந்தக் கடற்கரைப் பேச்சை அப்படியே விடுவதா, திருத்துவதா? குழுவில் இதற்கே சண்டை.
*(வாசகர், தூத்துக்குடி மாவட்டம்)*

பதில்: சண்டை வருவது நல்ல குழுவுக்கு அடையாளம். என் கட்சி இதுதான்: வாக்கியத்தைத் தொடாதீர்கள், திரும்பத் திரும்ப வருவதை மட்டும் வெட்டுங்கள். "அதாவது", "என்னன்னா" என்று வரிக்கு வரி வந்தால் குறைக்கலாம். மடி, பாடு, வள்ளம், வாடை, கச்சான் மாதிரிக் கடல் தொழில் வார்த்தைகளை ஒன்றும் செய்ய வேண்டாம், வெளியூர்க்காரனுக்குப் புரியவில்லையென்றால் பக்கத்தின் அடியில் ஒரு வரி போட்டுவிடுங்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். எழுத்துக்கூட்டலில் மட்டும் ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் ஒரு பக்கத்தில் "போனோம்", அடுத்த பக்கத்தில் "போனம்" என்று பேசக்கூடாது.

படித்தவர்கள் எழுதியதெல்லாம் செந்தமிழ், பெண்களும் மீனவர்களும் சொன்னதெல்லாம் கொச்சை என்று புத்தகம் இரண்டாகப் பிரிந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. கல்லூரி ஆசிரியரும் வீட்டில் அப்படியா பேசுகிறார்? அவரையும் பேசவைத்துப் பதிவு செய்யுங்களேன், தயங்குவார், விடாதீர்கள்.

எழுதி முடித்ததும் சொன்னவரிடமே போய் வாசித்துக் காட்டுங்கள், இதில் சோம்பல்படக் கூடாது. "இத எடுத்துருங்க" என்று சொன்னால் எவ்வளவு அருமையான இடமானாலும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்களில் பலர்மேல் வழக்குப் போட்டிருந்தார்கள், தேசத்துரோகம் உட்பட. சிலது முடிந்தது, சிலது என்ன நிலையில் இருக்கிறது என்றே தெரியாது. இப்போது எழுதினால் சிக்கல் வருமா?
*(பெயர் வேண்டாம்)*

பதில்: வரலாம். ஆயிரக்கணக்கானவர்கள்மேல் தேசத்துரோகப் பிரிவு பாய்ந்த இடம் அது. 2013 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்கச் சொன்னது. அப்புறம் 2022 மே மாதம் தேசத்துரோகத்துக்கான 124ஏ பிரிவையே நிறுத்திவைத்தது, 2024 ஜூலையிலிருந்து பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்து அதில் அதே மாதிரியான 152ஆவது பிரிவு இருக்கிறது. ஆனால் இதில் எதுவும் உங்கள் பெயரில் உள்ள வழக்கு முடிந்துவிட்டது என்பதற்கு அத்தாட்சி ஆகாது. ஒவ்வொருவர் வழக்கும் என்ன நிலையில் இருக்கிறது என்பதை முதலில் வக்கீலை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

வழக்கு நிலுவையில் இருப்பவர் "அன்னைக்கு நான்தான் பாதையில கல்லப் போட்டு மறிச்சேன்" என்று தன் பெயரில் எழுதினால் அது அவர் கையாலேயே எழுதிய ஒப்புதல். நினைவுக் குறிப்புதானே என்று நீதிமன்றம் தள்ளிவிடும் என்று நம்ப வேண்டாம். கூட இருந்தவர் பெயரைச் சொல்வது அதைவிட மோசம், அவரைக் கேட்காமலேயே மாட்டிவிடுகிறீர்கள். மாற்றுப் பெயர் வைத்தாலும், முந்நூறு வீடு உள்ள ஊரில் "கோவில் தெருவில் டீக்கடை வைத்திருந்தவர்" என்றால் யாருக்குத்தான் தெரியாது? அடையாளத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும், அப்படி மாற்றியிருக்கிறோம் என்று முன்பக்கத்தில் ஒரு வரியும் போட வேண்டும்.

கைதான பெண்களில் சிலரைத் திருச்சி பெண்கள் சிறையில் வைத்திருந்தார்கள். அங்கே நடந்ததைச் சொல்ல அவர்களுக்குத் தயக்கம் இருக்காது என்று நினைக்கிறேன், சட்டச் சிக்கலும் குறைவு. அதில் காவலர், அதிகாரி யாரையாவது பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினால் மட்டும், ஆதாரத் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பெயரை விட்டுவிட்டு நடந்ததை எழுதுங்கள், வாசிப்பவருக்கு அதுவே போதும். அச்சுக்குப் போகுமுன் கையெழுத்துப் பிரதி முழுவதையும் ஒரு வக்கீல் படித்தாக வேண்டும். போராட்ட வழக்கு நடத்தியவரே என்றால் இன்னும் நல்லது.

கேள்வி: உலை வந்ததால் வேலை கிடைத்தவர்கள், போராட்டம் வேண்டாம் என்றவர்கள் பக்கத்து ஊர்களில் உண்டு. அவர்களுக்கும் இடம் தர வேண்டும் என்கிறார் ஒருவர். எதற்கு?
*(வாசகர், நாகர்கோவில்)*

பதில்: ஒரு போராட்டம் எப்படி நடந்தது என்று பின்னால் வருபவன் தெரிந்துகொள்ள வேண்டுமே, அதற்குத்தான். உலை இயங்கிக்கொண்டிருக்கிறது, ஒப்பந்தத் தொழிலாளியாக அங்கே போய்வருபவர் உங்கள் சொந்தக்காரராகவே இருப்பார். அணுசக்தித் துறைக்குப் பக்கம் ஒதுக்கச் சொல்லவில்லை, அவர்களுக்குச் சொந்த அச்சகமே கட்டுப்படியாகும். பந்தலுக்கு வந்து பிறகு வராமல் நின்றவர், வேலைக்குப் போன மகனோடு பேச்சை நிறுத்திய அப்பா, கடையடைப்பில் நஷ்டப்பட்ட வியாபாரி, இப்படி இரண்டு மூன்று பேர். 2014 தேர்தலில் இயக்கத்தின் முன்னணியினர் கட்சி வேட்பாளர்களாக நின்றார்களே, அது சரியா தப்பா என்று உங்களுக்குள்ளேயே ஓடிய வாக்குவாதம் ஒரு தனிக் கட்டுரைக்குக் காணும். அதை விட்டுவிட்டால் புத்தகம் வாழ்த்துமடலாகிவிடும்.

கேள்வி: அட்டையில் யார் பெயர் போடுவது? இதுதான் இப்போது பெரிய தகராறு.
*(முதல் கடிதம் எழுதிய அதே வாசகி)*

பதில்: எதிர்பார்த்தேன்! உத்தராகண்டில் 1974 மார்ச் 26 அன்று ரேணி கிராமத்து ஆண்களெல்லாம் சமோலிக்குப் போயிருந்த நேரத்தில், மரம் வெட்ட வந்தவர்களை மறித்தவர்கள் கௌரா தேவியும் அவரோடு போன பெண்களும். அப்புறம் பல வருஷம் வெளியில் ஓடிய பேச்சு என்ன? மரங்களைக் கட்டிப்பிடித்துக் காத்த அந்தச் சிப்கோ இயக்கத்தின் தலைவர் சுந்தர்லால் பகுகுணாவா, சண்டி பிரசாத் பட்டா என்பதுதான். உங்கள் புத்தக அட்டையிலும் அது நடக்க வேண்டாம்.

ராஜஸ்தானில் தகவல் உரிமைக்காகப் போராடிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடனின் கதை 2018இல் நூலாக வந்தபோது அருணா ராயின் பெயரோடு அமைப்பின் கூட்டுப் பெயரையும் ஆசிரியராகப் போட்டார்கள். நல்ல முறை. அட்டையில் ஒரு கூட்டுப் பெயர், உள்ளே எழுதியவர்கள், சொன்னவர்கள், கேட்டு எழுதியவர்கள் எல்லோர் பெயரும் ஒரே எழுத்தளவில் அகர வரிசையில், யாருக்கும் பட்டம் கிடையாது. ஆனால் தொகுப்பாசிரியர் என்று ஒருவர் பெயர் எங்காவது இருக்கத்தான் வேண்டும், ஏனென்றால் பிழை என்றால் யாராவது பதில் சொல்ல வேண்டுமே. "ஆசிரியர் குழு" என்று மட்டும் போட்டால் மெய்ப்புப் பார்க்கக்கூட ஆள் வராது.

இத்தோடு உரிமை விஷயத்தையும் முடித்துவிடுங்கள். கட்டுரையின் பதிப்புரிமை எழுதியவருக்கே. ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: எந்தப் பதிப்புக்கு, எத்தனை வருஷத்துக்கு, மொழிபெயர்க்கலாமா, இணையத்தில் போடலாமா. உரிமை மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 1957ஆம் வருஷச் சட்டப்படி ஐந்து வருஷம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்வார்கள். நாளைக்கு மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ கேட்டு வந்தால், அப்போது வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்க முடியாது.

கேள்வி: நாளிதழில் வந்த படங்களைப் போடலாமா? தீர்ப்பை?
*(வாசகர், மதுரை)*

பதில்: தீர்ப்பைத் தாராளமாகப் போடலாம், நீதிமன்றமே தடுத்திருந்தால் தவிர. படம் கூடாது, அனுமதி வேண்டும். அதைவிட ஊர்க்காரர்கள் அன்று செல்போனில் எடுத்த படங்களைத் தேடுங்கள், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, யார் எடுத்தது என்று பெயரைப் போடுங்கள்.

கேள்வி: பதிப்பாளர், பாதிப் பிரதிகளை நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறார். நாங்களே போட்டுக்கொள்ளலாமா?
*(முதல் கடிதக் குழுவிலிருந்து இன்னொருவர்)*

பதில்: அந்த நிபந்தனைக்கு நீங்களே போட்டுக்கொள்வது மேல். புத்தகத்துக்கான அடையாள எண்ணை (ஐ.எஸ்.பி.என்.) மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகத் தருகிறது, தனியாளும் விண்ணப்பிக்கலாம். முன்வெளியீட்டுத் திட்டம் அறிவித்துப் பணம் சேர்த்து, அந்த அளவுக்கு மட்டும் முதல் அச்சு போடுங்கள், மற்றதைத் தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் பிறகு எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தைப் பதினாறின் மடங்காக, பாரக் கணக்கில், திட்டமிட்டால் தாள் வீணாகாது. விலை பீடி சுற்றும் ஒரு பெண் வாங்குகிற மாதிரி இருக்கட்டும், கட்டுரை தந்த ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி இலவசம். வெளியீட்டு விழாவைச் சென்னையில் வைக்காதீர்கள்.

அச்சாகி வந்ததும் 1954ஆம் வருஷச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், கன்னிமாரா உட்பட மற்ற மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி முப்பது நாளுக்குள் அனுப்ப வேண்டும். பலர் இதைச் செய்வதேயில்லை. துண்டறிக்கை, போஸ்டர், வசூல் நோட்டு, ஒலிப்பதிவு எல்லாம் மிச்சம் இருக்குமே, அவற்றை எடைக்குப் போட்டுவிடாமல் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பேசிப் பாருங்கள். கொடுக்கும் முன் எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து ஊரில் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.