உறவினர்கள் நம் வலைப்பதிவைப் படிக்கத் தொடங்கிவிட்டால், பெயர்களை மாற்றி எழுதினால் போதுமா?

போதாது. நான் இதைத் தெரிந்துகொண்டது ஒரு சங்கிலியால்.

2009 முதல் பிளாகரில் எழுதிவருகிறேன். தொடக்கத்தில் படித்தவர்கள் எல்லோரும் முகமறியாதவர்கள் என்பதால் எதை எழுதவும் தயங்கியதில்லை. 2014இல், என் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தம் இரட்டைவடச் சங்கிலியை விற்றுப் பணம் கொடுத்த அத்தையைப் பற்றி நன்றியோடு ஒரு பதிவு எழுதினேன். சித்தப்பா மகன் அதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டான். அத்தையின் பெயரையோ ஊரையோ நான் குறிப்பிடவில்லை. ஆனால் எங்கள் உறவில் இரட்டைவடச் சங்கிலி அணிந்தவர் அவர் ஒருவர்தான். அது பேருந்து நெரிசலில் தொலைந்துபோனதாகவே மாமா அதுவரை நம்பியிருந்தார். பதிவை அன்றிரவே நீக்கினேன். பதிவுகளை மின்னஞ்சலில் பெறும் வாசகர்களிடம் அது அப்படியே இருந்தது. குழுவில் படமாகவும் சுற்றியது.

காதலைப் பாடும் அகப்பாடலில் ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’, அதாவது இன்னார் என்று பெயர் சுட்டிப் பாடக்கூடாது என்கிறது தொல்காப்பியம். நெடுநல்வாடை என்னும் சங்கப் பாட்டுக்குள் அரசன் பெயர் எங்கும் இல்லை. ஆயினும் வேலின் தலையில் வேம்பு கட்டியிருந்ததாக வரும் ஓர் அடியைக் காட்டி, அது பாண்டியனின் அடையாளப் பூ, ஆகவே இப்பாட்டு அகம் ஆகாது என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். அவருக்கு வேம்பு, எங்கள் மாமாவுக்குச் சங்கிலி.

எனவே இப்போது ஒரு பதிவை எழுதி முடித்ததும், பெயரை விட்டுவிட்டு, அதில் வேம்பு எது என்றுதான் தேடுகிறேன். சங்கிலியை வளையல் என்று மாற்றினால் பதிவு கெட்டுவிடாது. ஆனால் கணவருக்குத் தெரியாமல் நகையை விற்றதுதான் அந்தப் பதிவின் உயிர் என்னும்போது, எதை மாற்றியும் பயனில்லை. அத்தகையவற்றை உரியவரிடம் படித்துக்காட்டிச் சம்மதம் பெற்ற பிறகே வெளியிடுகிறேன். அம்மாவின் நோயைப் பற்றி எழுதியதை, நான் எழுதியவற்றில் நல்லவை என நினைக்கும் இரண்டு மூன்றில் அதுவும் ஒன்று, அவர் முழுவதும் கேட்டுவிட்டு வேண்டாம் என்றார். அது இன்னும் வரைவாகவே கிடக்கிறது.

தளத்தின் அமைப்புகளை மட்டும் நம்ப வேண்டாம். தேடுபொறிகளில் தெரியாதபடி செய்யும் வசதி, முகவரி தெரிந்தவரைத் தடுக்காது. தேர்ந்தெடுத்த வாசகர்கள் மட்டும் படிக்குமாறு பூட்டலாம். ஆனால் நேற்றுவரை படித்துக்கொண்டிருந்த பெரியம்மா, ஏன் பூட்டினாய் என்று கேட்பார். புனைபெயரும், நேற்றுத் திருமண வீட்டில் நடந்ததை இன்று எழுதாதவரைதான் உதவும்.

மாமா இதைப் பற்றி இன்றுவரை என்னிடம் ஒரு சொல் கேட்டதில்லை. அத்தைதான், ஊருக்குப் போகும்போதெல்லாம், எதையோ சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்தி, “இதையும் எழுதிப் போட்டுருவியா?” என்று கேட்கிறார். இல்லை என்று சொன்ன பிறகே மீதியைச் சொல்கிறார்.