பட்டன் அண்ணன் பதில்கள்: பெயரைக் கேட்டுச் சிரித்தவர்கள்

கேம் கன்சோல், கன்ட்ரோலர், கேசட் போட்டு ஆடிய பழைய டிவி கேம் என எதைப் பற்றியும் கேட்கலாம். பதில் சொல்பவர் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கன்ட்ரோலர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார்.

அண்ணே, நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலுக்கு அடுத்து வந்ததற்கு 'ஸ்விட்ச் 2' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'இதுக்கு ஒரு மீட்டிங் வேறயா?' என்று எங்கள் செட்டில் எல்லோரும் கலாய்க்கிறோம். நிண்டெண்டோவில் பெயர் வைக்கக்கூட ஆள் இல்லையா?
— கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

தம்பி, அதே கம்பெனி பெயருக்காக மண்டையைக் கசக்கிய வருஷமும் ஒன்று உண்டு. அதுவரை 'ரெவல்யூஷன்' என்ற தற்காலிகப் பெயரில் ஓடிக்கொண்டிருந்த கன்சோலுக்கு 2006 ஏப்ரல் 27 அன்று 'வீ' என்று பெயர் அறிவித்தார்கள். ஆங்கிலத்தில் ஒரு டபிள்யூ, இரண்டு ஐ. பிரிட்டனில் சின்னப் பிள்ளைகள் ஒன்றுக்குப் போவதை அப்படித்தான் சொல்வார்கள். அப்புறம் சிரிப்புக்குக் கேட்கவா வேண்டும்? ஏப்ரல் முதல் தேதி விட வேண்டிய ஜோக்கைத் தாமதமாக விட்டார்கள் என்று நினைத்தவர்களும் உண்டு. எல்லோரும் சேர்ந்து ஆடுவதற்கான பெயர் இது, இரண்டு ஐ எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேர் என்று கம்பெனி விளக்கம் கொடுத்தது. விளக்கம் கொடுத்தால் கேலி கூடும் என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்த மாதமே லாஸ் ஏஞ்சலஸில் நடந்த இ3 என்ற கேம் கண்காட்சியில் அதை ஒரு தரம் தொட்டுப் பார்க்க மணிக்கணக்கில் வரிசை. நவம்பரில் கடைக்கு வந்தது. மொத்தம் 10 கோடிக்கு மேல் விற்றது. சிரித்தவர்களும் அந்த வரிசையில்தான் நின்றிருப்பார்கள், வேறு எங்கே போவார்கள்? உங்கள் ஊரும் அதே 2006-ல்தான் சட்டப்படி பாண்டிச்சேரியிலிருந்து புதுச்சேரி ஆனது. கடலூர் பஸ் ஸ்டாண்டில் இன்றைக்கும் 'பாண்டி, பாண்டி' என்றுதான் கூவுகிறார்கள். பஸ் காலியாகப் போய் நான் பார்த்ததில்லை.

ஸ்விட்ச் 2 கதைக்கு வருவோம். 2025 ஜனவரி 16 அன்று வந்த வீடியோவில் ஜாய்-கான் கன்ட்ரோலர் தரையில் சறுக்கிக்கொண்டு போகும். 'டேய், இது மவுஸ்டா' என்று அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்கள் பையன்கள். புதிதாக முளைத்த ஒரு பட்டன் எதற்கு என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டது இன்னொரு கூட்டம். ஏப்ரலில் இரண்டுக்கும் விடை கிடைத்தது: மவுஸ் என்ற ஊகம் சரி, அந்த சி பட்டன் ஆடிக்கொண்டே நண்பர்களோடு பேசுவதற்கு. கூடவே விலையும் வந்தது. அமெரிக்காவில் 449.99 டாலர், புது மரியோ கார்ட் தனியாக வாங்கினால் ஏறக்குறைய 80 டாலர். அதற்கப்புறம் பெயரைப் பற்றி யார் பேசினார்கள்? விலையைக் குறை என்ற கூச்சல்தான். ஜூன் 5-ல் விற்பனை தொடங்கி நாலே நாளில் 35 லட்சம் போனது தனிக்கதை.

என்னைக் கேட்டால் '2' நல்ல பெயர். காரணத்தைப் பண்ருட்டிக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன், கீழே படியுங்கள்.

தம்பி, என் மகள் குடும்பம் பிரான்ஸில் இருக்கிறது. பல வருஷம் முன்பு பேரன் கொண்டுவந்த 'வீ'யில் நானும் டென்னிஸ் ஆடியிருக்கிறேன். இப்போது அவன் நீட்டும் கன்ட்ரோலரைக் கையில் வாங்கவே பயமாக இருக்கிறது. கம்ப்யூட்டர் மவுஸ் எல்லாம் நன்றாகப் பிடிப்பேன். எனக்கு வயதாகிவிட்டதா, கன்ட்ரோலரே அப்படியா?
— ஓய்வு பெற்ற ஆசிரியை, முத்தியால்பேட்டை

கன்ட்ரோலர்தான் அப்படி, டீச்சரம்மா. இரண்டு கட்டை விரலுக்கும் ஆளுக்கொரு ஸ்டிக் என்னும் குட்டிக் குச்சி, ஆள்காட்டி விரல்களுக்கு மேலே நாலு பட்டன், ஸ்டிக்கை உள்ளே அழுத்தினால் அதுவும் ஒரு பட்டன். சின்ன வயதிலிருந்து ஆடுகிறவனுக்கு விரல் தானாகப் போகும். மற்றவர்கள் குனிந்து பட்டனைத் தேடி நிமிர்வதற்குள் ஆள் செத்திருப்பான்.

இதை யோசித்துத்தான் கன்ட்ரோலருக்குப் பதிலாக வீயின் ரிமோட்டே வந்தது. 2005 செப்டம்பரில் டோக்கியோ கேம் ஷோ மேடையில் நிண்டெண்டோ தலைவர் சத்தோரு இவாட்டா அதை எடுத்துக் காட்டினார். பார்ப்பதற்கு அசல் டிவி ரிமோட். பழைய ஆட்டக்காரர்களுக்கு வந்ததே கோபம்! இரண்டாவது ஸ்டிக் எங்கே, நாலு மணி நேரம் கையை ஆட்டிக்கொண்டே உட்கார முடியுமா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு. பல வருஷமாக விரலுக்குப் பழகியதை ஒரே நாளில் மறக்கச் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆனால் இவாட்டா மனதில் இருந்தது அவர்கள் இல்லை, நீங்கள். கன்ட்ரோலரைத் தொடாதவர்களும் ரிமோட்டைத் தயங்காமல் எடுப்பார்கள் இல்லையா?

உள்ளே இருந்த வித்தையையும் சொல்லிவிடுகிறேன். கை அசைவை அளக்க ஒரு ஆக்ஸிலரோமீட்டர் சிப், முனையில் ஒரு இன்ஃப்ராரெட் கேமரா. பட்டன்களுக்கு நடுவில் குட்டி ஸ்பீக்கர். பந்தை அடித்ததும் சத்தம் உங்கள் கையிலேயே கேட்டது அதனால்தான். டிவிக்கு மேலே வைத்த பட்டைக்கு 'சென்சார் பார்' என்று பெயர், ஆனால் அது எதையும் உணராது. இரண்டு ஓரத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒளி விடும் எல்இடிகள், அவ்வளவுதான். பார்க்கிற வேலை முழுக்க ரிமோட்டுடையது. மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டில் அந்த ஒயரை எலி கடித்துவிட்டது. டிவிக்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தேன். திரையில் கை அடையாளம் ஓட ஆரம்பித்தது. அந்த வீட்டுப் பாட்டி கரண்ட் போய்விட்டதோ என்று எட்டிப் பார்த்தார்.

ஆமாம், டென்னிஸ் ஆடும்போது மணிக்கட்டுக் கயிற்றை மாட்டினீர்களா? முதலில் வந்த கயிறு மெல்லிசு. ரிமோட் கை நழுவிப் பறந்த கதைகள் பெருகி, வெளிவந்த அடுத்த மாதமே 32 லட்சம் கயிறுகளை மாற்றித்தர முன்வந்தார்கள்.

பேரன் அடுத்த முறை ஸ்விட்ச் 2 கொண்டுவந்தால், ஒரு ஜாய்-கானைக் கழற்றிப் பக்கவாட்டில் நிறுத்தி மேஜை மேல் ஓட்டிப் பாருங்கள். மவுஸ் பிடித்த கைக்கு அது வந்துவிடும்; அதற்கென்று செய்த கேம்தான் வேண்டும். பிரான்ஸ் மின்சாரமும் நம் மின்சாரமும் ஒன்றுதான், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பையன் பிறந்தநாளுக்குக் கேட்ட எக்ஸ்பாக்ஸ் கன்சோலின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போனேன். 'எக்ஸா, எஸ்ஸா, ஒன்னா?' என்று கடைக்காரர் கேட்கிறார். எதுவும் வாங்காமல் திரும்பிவிட்டேன். இதை எப்படித்தான் கேட்டு வாங்குவது?
— ஒரு தந்தை, பண்ருட்டி

நல்ல வேளை திரும்பினீர்கள் சார். சிரிப்பு வருகிற பெயரால் கன்சோல் கெட்டதாக எனக்குத் தெரியவில்லை. குழப்புகிற பெயரால் கெட்டது உண்டு.

அந்த 10 கோடி விற்ற வீயின் அடுத்த பிள்ளைக்கு 'வீ யு' என்று பெயர் வைத்தார்கள். 2011-ல் முதலில் காட்டியபோது முழுக்க முழுக்க அதன் பெரிய திரை வைத்த கன்ட்ரோலரைப் பற்றியே பேசினார்கள். பார்த்த பலருக்கு இது புது கன்சோல் என்றே புரியவில்லை. வீட்டில் இருக்கும் பழைய வீக்கு மாட்டுகிற புது கன்ட்ரோலர் போல என்று விட்டுவிட்டார்கள். 2012 நவம்பரில் வந்தது. ஆயுள் முழுக்க விற்றது 1 கோடி 35 லட்சம்தான். கேம்கள் குறைவு என்ற காரணமும் உண்டு, பெயர் மட்டும் இல்லை. ஆனால் அப்பா அம்மாவுக்குப் புரியாத பெயரை வைத்துவிட்டு அவர்கள் பணத்தை எதிர்பார்க்க முடியாது.

எக்ஸ்பாக்ஸ் வரிசை இன்னும் வேடிக்கை. 2001-ல் எக்ஸ்பாக்ஸ். போட்டியாளர் பிளேஸ்டேஷன் 3 என்று வரும்போது நாம் 2 என்று போவதா என்று 2005-ல் வந்தது 360. மூன்றாவதாக 2013-ல் வந்ததற்கு 'ஒன்'! அதிலேயே ஒன் எஸ், ஒன் எக்ஸ். 2020-ல் சீரிஸ் எஸ், சீரிஸ் எக்ஸ். அந்த வருஷம் செப்டம்பரில் சீரிஸ் எக்ஸுக்கு முன்பதிவு திறந்த அன்று அமேசான் விற்பனைப் பட்டியலில் பழைய ஒன் எக்ஸ் கிடுகிடுவென்று மேலே ஏறியது. பெயர் குழம்பி வாங்கியவர்கள்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

பிளேஸ்டேஷன்காரர்கள் பெரிய கன்சோலுக்கு எண் போட்டே காலத்தை ஓட்டுகிறார்கள். 5 வாங்கப் போய் 4-ஐத் தூக்கி வந்த அப்பா யாரையும் நான் பார்த்ததில்லை. ஸ்விட்ச் 2 என்ற பெயரை நான் ஆதரிப்பது இதற்காகத்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது: சீட்டைக் கிழித்துப் போடுங்கள். பெட்டியின் படத்தையே பையனை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வீட்டில் பழைய கேம் டிஸ்க்குகள் இருந்தால் 'சிடி போடுகிற மாடல்' என்று கேட்டு, முன்பக்கம் அந்த வாய் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து வாங்குங்கள். சீரிஸ் எஸ்ஸில் அது கிடையாது.

எங்கள் வீட்டில் ஸ்விட்ச், நண்பன் வீட்டில் எக்ஸ்பாக்ஸ். அவன் வீட்டில் 'சரி' என்று அழுத்தினால் 'வேண்டாம்' ஆகிவிடுகிறது. ஏன் அண்ணா?
— பிளஸ் டூ மாணவி, நெல்லிக்குப்பம்

நிண்டெண்டோவுக்கு 1983-ல் வந்த ஃபேமிகாம் கன்சோல் காலத்திலிருந்தே ஏ பட்டன் வலது பக்கம். எக்ஸ்பாக்ஸில் ஏ கீழே, பி வலது பக்கம். அதனால் உன் விரல் வழக்கம்போல வலது பக்கம் போய் பி-யை அழுத்துகிறது. பிளேஸ்டேஷனிலும் இந்தக் கூத்து உண்டு: ஜப்பானில் வட்டம்தான் 'சரி', பெருக்கல் குறி 'வேண்டாம்', மற்ற ஊர்களில் தலைகீழ். 2020-ல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது ஜப்பானையும் நம் வழிக்கு மாற்றினார்கள், அங்கே பலர் முணுமுணுத்தார்கள். ஸ்விட்சில் செட்டிங்ஸுக்குள் பட்டன்களை இடம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தம்பி தங்கை இருந்தால் சொல்லிவிட்டுச் செய்.

கேலிக்குப் பயந்து கன்ட்ரோலரையே மாற்றியது உண்டா?
— ஒரு வாசகர், செம்மண்டலம்

உண்டு. 2005-ல் பிளேஸ்டேஷன் 3-ஐக் காட்டியபோது கூடவே வெள்ளி நிறத்தில் வளைந்த ஒரு கன்ட்ரோலர் இருந்தது. பூமராங் என்றும் வாழைப்பழம் என்றும் ஓட்டித் தள்ளினார்கள். மறு வருஷமே பழைய வடிவத்துக்குத் திரும்பிவிட்டார்கள், ஆனால் அதில் அதிர்வு இல்லை. பிளேஸ்டேஷன் செய்யும் சோனி அப்போது அதிர்வு பற்றிய ஒரு காப்புரிமை வழக்கில் மாட்டியிருந்தது. 2007 கடைசியில் டூயல்ஷாக் 3 என்ற கன்ட்ரோலர் வந்த பிறகுதான் கை மறுபடி அதிர்ந்தது. அந்த வாழைப்பழத்தைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இன்னும் ஆசை.

எதிர்க் கதையும் உண்டு. முதல் எக்ஸ்பாக்ஸோடு வந்த பிரம்மாண்டமான கன்ட்ரோலருக்கு 'ட்யூக்' என்று பெயர். கை எட்டவில்லை என்று திட்டித் தீர்த்ததில், ஜப்பானுக்கென்று செய்த சின்ன கன்ட்ரோலரே மற்ற நாடுகளுக்கும் வந்தது. 2018-ல் ஹைப்பர்கின் என்ற கம்பெனி அதே ட்யூக்கைத் திரும்பச் செய்து விற்றது, வாங்கவும் ஆள் இருந்தது!

எங்கள் வீடு சில்வர் பீச் பக்கம். கன்ட்ரோலர் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஸ்டிக்கைத் தொடாமலே கேமில் ஆள் நடக்கிறான். உப்புக்காற்றா அண்ணே?
— தேவனாம்பட்டினம் இளைஞர்

பாதிதான் உப்புக்காற்று தம்பி. உப்பு சார்ஜ் போடும் வாயையும் பட்டனுக்கு அடியில் உள்ள தடங்களையும் பச்சை பூக்க வைக்கும். ஸ்டிக் தானாக நகர்வது வேறு கதை. ஸ்டிக்கின் இரண்டு பக்கமும் அது எவ்வளவு சாய்ந்தது என்று அளக்கும் சின்னச் சின்ன பொட்டன்ஷியோமீட்டர் இருக்கிறது. உள்ளே கார்பன் தடத்தின் மேல் ஒரு உலோக நாக்கு உரசிக்கொண்டே இருக்கும். தேயத் தேய, நடு எது என்பதே அதற்கு மறந்துவிடும். காந்தத்தை வைத்து அளக்கும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கில் இந்த உரசல் இல்லை. 1998-லேயே டிரீம்காஸ்ட் என்ற கன்சோலின் கன்ட்ரோலரில் அது இருந்தது. ஸ்விட்ச் 2 வருவதற்கு முன் ஆட்டக்காரர்கள் கம்பெனியைக் கேட்ட உருப்படியான கேள்வி இதுதான்: ஹால் எஃபெக்டா? இல்லை என்று பதில் வந்தது.

முதலில் கேம் செட்டிங்ஸில் டெட் ஸோனை, அதாவது ஸ்டிக்கின் சின்ன அசைவைக் கேம் கண்டுகொள்ளாத அளவை, கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். அடங்காவிட்டால் கன்ட்ரோலரை ஆஃப் செய்து, ஸ்டிக்கின் அடிப்பக்கம் ஐபிஏ எனப்படும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, ஸ்டிக்கைச் சுற்றிவிட்டு, நன்றாகக் காயவிடுங்கள். மொபைல் கடைகளில் ஐபிஏ கிடைக்கும். தேங்காய் எண்ணெய் விட்டுக் கொண்டுவருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதைச் செய்யாதீர்கள். இதற்கும் கேட்கவில்லை என்றால் ஸ்டிக்கையே மாற்ற வேண்டும். போர்டில் 14 கால், ஒவ்வொன்றாக ஈயம் எடுக்க வேண்டும், தடம் பிய்ந்தால் போர்டே போச்சு. அதை மட்டும் வீட்டில் முயற்சி செய்யாமல், வாரண்டி இருந்தால் பில்லைத் தேடுங்கள். இல்லையென்றால் மாலை வேளையில் கடைக்குக் கொண்டுவாருங்கள்.