இரண்டாம் வகுப்பில் இன்னும் குச்சி எண்ணுவது ஏன்?

பள்ளி திறந்து ஒரு மாதமாகியும் பிள்ளைகள் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள், கூட்டல் எப்போது என்று பெற்றோர்களாகிய நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கட்டில்தான் கூட்டலே இருக்கிறது.

34 என்றால் பத்துக் குச்சிக் கட்டு மூன்று, உதிரி நான்கு. இது கையில் பதியாத குழந்தை, ‘முப்பத்து நான்கு’ என்றதும் 304 என எழுதும். காதில் விழுந்த 30-ஐயும் 4-ஐயும் அப்படியே ஒட்டிவிடும். 28+5-க்கு 213 வருவதும் இதனால்தான்: 8+5=13 என்று முழுதாக எழுதிவிட்டு, முன்னால் 2-ஐப் போட்டுவிடும்.

வீட்டில் இரண்டு கட்டு, எட்டு உதிரி வைத்து ஐந்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். உதிரி 13 ஆகும். அதில் பத்தை எண்ணி ரப்பர் பேண்ட் போடுவது குழந்தையின் வேலை. நீங்கள் போட்டுக் கொடுத்தால் பயனே இல்லை. கட்டைப் பிரித்து எண்ணாமல் ‘பத்து’ என்று சொல்லும்வரை நோட்டில் கணக்கு வேண்டாம்.