கிராண்ட் ஜூரியிடம் நானே புகார் கொடுக்கலாமா?

கேள்வி: டெக்சாஸில் பிளேனோவில் இருக்கிறோம். கூரை மாற்ற ஒரு கான்ட்ராக்டருக்கு 18,500 டாலர் முன்பணம் கொடுத்தோம். ஐந்து மாதமாகிறது, ஒரு ஷிங்கிள்கூட வந்து இறங்கவில்லை. போலீஸ் 'இது சிவில் விவகாரம்' என்று கைகழுவிவிட்டது. நம்ம ஊரில் மாஜிஸ்திரேட்டிடம் தனிநபர் புகார் போடலாம். இங்கே கிராண்ட் ஜூரியிடம் (ஒருவர்மேல் குற்றம் சாட்டப் போதிய ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்கும் பொதுமக்கள் குழு) நேராகப் போக முடியுமா?

பதில்: ஊரில் புகார்தாரரே வழக்கை நடத்திக்கொண்டு போகலாம். இங்கே அது நடக்காது. வழக்கு டிஸ்ட்ரிக்ட் அட்டர்னியின், அதாவது அரசு வக்கீலின் கையில். ஆனால் ஒரு சின்னக் கதவு திறந்திருக்கிறது. அரசு வக்கீலோ 'நம்பத்தகுந்த வேறு எவரோ' தெரிவிக்கும் குற்றத்தை கிராண்ட் ஜூரி விசாரிக்க வேண்டும் என்கிறது டெக்சாஸ் குற்றவியல் நடைமுறைச் சட்டம். அந்த 'எவரோ' நீங்களாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் நம்பத்தகுந்தவரா, உங்களைச் சாட்சியாகக் கூப்பிடலாமா என்பதை ஜூரி உறுப்பினர்கள்தான் முடிவு செய்வார்கள். கூப்பிடாமல் உள்ளே போய்ப் பேச முடியாது. குற்றப்பத்திரிகைக்கு 12 பேரில் 9 பேர் கை தூக்க வேண்டும்.

கிராண்ட் ஜூரி தலைவருக்கு ஒரே பக்கத்தில் கடிதம் எழுதி, டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி அலுவலகம் வழியாகவே அனுப்புங்கள். ஜூரி உறுப்பினர் யாரென்று விசாரித்து வீடு தேடிப் போகவே போகாதீர்கள்.

தொகை விஷயத்தில் உங்களுக்குச் சாதகம்தான்: 2,500 முதல் 30,000 டாலருக்குள் திருட்டு என்றால் அது ஃபெலனி, அதாவது பெரிய குற்றம், கிராண்ட் ஜூரி பார்க்கும் வகை. சிக்கல் வேறு இடத்தில். சொன்ன வேலையைச் செய்யவில்லை என்பது மட்டுமே ஏமாற்றும் எண்ணத்துக்குச் சான்றாகாது என்று சட்டமே சொல்கிறது. போலீஸ் 'சிவில்' என்றதும் இதனால்தான்; அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பணம் வாங்கிய நாளிலேயே வேலை செய்யும் எண்ணம் இல்லை என்று காட்டியாக வேண்டும். 'சாமான் ஆர்டர் போட்டாச்சு' என்று அவர் மெசேஜ் அனுப்பினாரா? அந்தக் கடையில் கேளுங்கள். அப்படி ஒரு ஆர்டரே இல்லை என்று எழுதிக் கொடுத்தால், அந்த ஒரு தாள் உங்கள் பத்துப் பக்கக் குமுறலைவிடப் பெரியது. இதே போல வேறு யாராவது ஏமாந்திருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குற்ற வழக்கை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். ஜஸ்டிஸ் கோர்ட் என்ற சிறு வழக்கு நீதிமன்றத்தில் 20,000 டாலர் வரை வழக்குப் போடலாம், வக்கீல் இல்லாமலே. இதற்கிடையில், 'பணத்தைத் தராவிட்டால் கிராண்ட் ஜூரி' என்று அவருக்கு மெசேஜ் தட்டிவிடாதீர்கள். நாளைக்கு அதை அவர் வக்கீல்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்.